குன்னூர் தந்த உணவறிஞர் சர் இராபர்ட் மெக்காரிசன்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் புதிதாகப் பயிலும் மாணவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். மருந்தின் பெயர் ஒன்றேனும் அங்கே இருக்கும் என எதிர்பார்ப்பவர்க்கு ஒரு மூலிகையும் கிட்டுவதில்லை. பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியே பேசுகின்றன. முன்னுண்டது செரித்ததா, உண்ணும் பொருள் உடலோடு ஒத்ததா, அளவு அறியப்பட்டதா என்பனவே அங்கு எழுப்பப்படும் வினாக்கள். மருத்துவனும் நோயாளியும் இறுதி மூன்று குறள்களில்தான் இடம்பெறுகின்றனர். வந்த நோயைத் தீர்ப்பது மருத்துவத்தின் பிற்பகுதி. வராமற் காப்பதே அதன் முற்பகுதி என்பது இம்முறைவைப்பின் கருத்து.

அக்கருத்தை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடத்தில் நிறுவிக் காட்டியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சர் இராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்தில் பிறந்தவர், ஆங்கிலேய அரசின் படை மருத்துவராக இந்தியாவுக்கு வந்தவர். ஆயினும் அவருடைய ஆய்வு வேரூன்றியதும் கிளைபரப்பியதும் நம் நீலகிரி மலையின் குன்னூரில்தான். அவர் கண்டறிந்தவற்றுள் தாவர உணவை வாழ்க்கை நெறியாகக் கொண்ட நமக்கு இனிப்பவையும் உண்டு, கசப்பவையும் உண்டு. இரண்டையும் மறையாது சொல்வதே அவர் வரலாற்றை எழுதுவோர் கடன்.

இளமையும் எல்லைப்புறப் பணியும்

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, 1901ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 23.

முதலில் அவர் அனுப்பப்பட்ட இடம் இந்தியாவின் வடமேற்கு எல்லையில், பனிமலைகளுக்கு நடுவே அமைந்த சித்ரால். அங்கிருந்த படைவீரர்களைக் கோடைதோறும் மூன்று நாள் காய்ச்சல் ஒன்று வாட்டியது. பிறர் மலேரியா என்று எண்ணிக் கடந்துபோன அக்காய்ச்சலை மெக்காரிசன் தனி நோயாகப் பிரித்தறிந்து, மணல் ஈயின் கடியோடு அதற்குள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதினார். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு நில்லாமல், அவன் ஏன் படுக்கையில் விழுந்தான் என்று வினவும் இயல்பு அவ்விளமையிலேயே அவரிடம் அமைந்திருந்தது.

1904 முதல் ஏழாண்டுகள் கில்கித் என்னும் மலைநாட்டில் அவர் மருத்துவராகப் பணியாற்றினார். அங்கு முன்கழுத்துக் கழலை நோய் மிகுந்திருந்தது. ஒரே நீரோடையை அடுத்தடுத்துப் பயன்படுத்திய சிற்றூர்களை அவர் வரிசையாக ஆராய்ந்தார். மேலூரில் குறைவாக இருந்த நோய், ஓடை கீழிறங்க இறங்க ஊருக்கு ஊர் மிகுந்து செல்வதைக் கண்டார். மேலூரின் கழிவு கீழூரின் குடிநீரிற் கலப்பதே காரணமாகலாம் என்று கருதினார்.

அதனை உறுதிசெய்ய அவர் மேற்கொண்ட வழி துணிவானது. அவ்வோடை நீரை வடிகட்டி எஞ்சிய வண்டலைத் தாமும், தாமாக முன்வந்த சிலரும் நாள்தோறும் குடித்தனர். வேறு சிலர் அதே வண்டலைக் கொதிக்கவைத்துக் குடித்தனர். முதல் சாராருள் சிலருக்குக் கழுத்தில் வீக்கம் தோன்றியது. கொதிக்கவைத்துக் குடித்தவர்க்குத் தோன்றவில்லை. அயோடின் என்னும் சத்தின் குறைவே கழலைக்கு முதற்காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. ஆகவே அவருடைய முடிவு உண்மையின் ஒரு பகுதியே ஆயிற்று. ஆனால் ஐயத்தைத் தீர்க்கத் தம் உடலையே முதலில் முன்வைத்த அந்நேர்மையை நாம் மறத்தலாகாது. இச்செய்தி பின்னர் வேறோர் இடத்தில் நமக்குத் தேவைப்படும்.

ஹுன்சா எழுப்பிய வினா

கில்கித்துக்கு வடக்கே ஹுன்சா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கு வாழ்ந்த மக்களின் உடல்நலம் மெக்காரிசனை வியப்பில் ஆழ்த்தியது. செங்குத்தான மலைப்பாதைகளில் நெடுந்தொலைவு சளைக்காமல் நடந்தனர். இரைப்பைப் புண், குடல்வால் அழற்சி, பெருங்குடல் நோய் போன்று அவர் தம் நாட்டில் நாள்தோறும் கேள்வியுற்ற பிணிகளை அம்மக்களிடம் அவர் காண இயலவில்லை.

அவர்கள் உண்டவை எளியவை. தவிடு நீக்காத கோதுமை, பார்லி, சிறுதானியம், பயறு, கீரை, காய், பால், மோர் ஆகியனவும், பச்சையாகவும் வெயிலில் உலர்த்தியும் உண்ட சர்க்கரைப் பாதாமி என்னும் மலைப்பழமும் அவர்களுடைய உணவு. புலால் விழா நாள்களில் மட்டுமே. வயல்களுக்குத் தொழுவுரம் இட்டனர். ஆலையில் தீட்டிய தானியமோ தகரப்பெட்டியில் அடைத்த உணவோ அங்குச் சென்றதில்லை.

பின்வந்த எழுத்தாளர் சிலர் ஹுன்சா மக்கள் நூற்றிருபது ஆண்டுகள் வாழ்ந்தனர் என்றெல்லாம் மிகைப்பட எழுதினர். அத்தகைய கூற்றுகளுக்குச் சான்றில்லை. மெக்காரிசன் அங்கிருந்து எடுத்துச் சென்றது புனைகதையன்று. ஒரு வினா மட்டுமே. நலத்துக்கு இனம் காரணமா, மலைக்காற்று காரணமா, அல்லது உணவு காரணமா? இதற்கு விடை தேடவே அவருடைய எஞ்சிய வாழ்நாள் செலவாயிற்று.

குன்னூரில் ஓர் அறை

முதல் உலகப் போரில் படைப்பணி ஆற்றி உடல்நலம் குன்றிய நிலையில் மெக்காரிசன் 1918இல் குன்னூருக்கு வந்தார். அங்கே 1907இல் நிறுவப்பெற்ற தென்னிந்திய பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடிக்கு மருந்து உருவாக்கி வந்தது. பிரெஞ்சு அறிவியலறிஞர் லூயி பாஸ்டரின் பெயர் புதுவை மக்களுக்குப் புதியதன்று. அந்நிலையத்தில் ஒரே ஓர் அறை மெக்காரிசனுக்கு ஒதுக்கப்பட்டது. பெரிபெரி ஆய்வு என்பதே அவ்வறையில் தொடங்கிய பணியின் பெயர்.

பெரிபெரி அக்காலத்தில் கீழை நாடுகளை அச்சுறுத்திய கொடுநோய். கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், உடல் வீங்கும், முடிவில் இதயம் ஓயும். கிருமியே காரணம் என மருத்துவர் பலர் நம்பினர். 1890களில் சாவகத்தில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் அந்நோயை ஒத்த நலிவுற்றதையும், தவிடு சேர்த்த உணவு தந்தபோது தேறியதையும் கண்டார். இவ்வழியில் தொடங்கிய ஆய்வே பின்னர் உயிர்ச்சத்து என்னும் கருத்தாக வளர்ந்தது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் ஓர் இடம் உண்டு. மலேயாவின் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் உழைத்த சீனத் தொழிலாளர் பெரிபெரியால் பெருந்தொகையாக மாண்டனர். அதே மண்ணில், அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. வேறுபாடு அரிசியில் இருந்தது. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது ஊரிலிருந்தே பழகிய புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டளவில் இருவகை அரிசியையும் இரு சாரார்க்குத் தனித்தனியே அளித்து இதனை உறுதிப்படுத்தினார். புழுக்கிய நெல்லின் மணம் நம் பாட்டிமார்க்குப் பழக்கமானது; அப்பழக்கம் எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை அவர்கள் அறிந்திலர்.

சென்னை மாகாணத்திலும் இதே வேறுபாடு காணப்பட்டது. பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார்க் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. மெக்காரிசன் 1924இல் நாரிஸ் என்பாரோடு இணைந்து அரிசிக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை ஆராய்ந்து வெளியிட்டார்.

பெயரில்லா நோய்கள்

பெரிபெரிக்கு விடை காண்பதோடு மெக்காரிசன் நின்றிருந்தால் பலருள் ஒருவராக இருந்திருப்பார். அவரைத் தனித்து நிற்கச் செய்தது அடுத்த கண்டுபிடிப்பு. ஒரு சத்து முற்றிலும் இல்லாதபோது பெரிபெரி போன்ற பெயருள்ள நோய் வரும் என்பதைப் பிறரும் அறிந்திருந்தனர். சத்து முற்றிலும் இல்லாமற் போகாமல், நெடுநாள் சற்றே குறைந்திருந்தால் என்ன நிகழும் என்று வினவியவர் அவர்.

குறையுள்ள உணவைத் தந்து விலங்குகளை ஆராய்ந்தபோது, நோய் வெளிப்படும் முன்பே இரைப்பையும் குடலும் நலிவதைக் கண்டார். குடற்சுவர் மெலிகிறது, புண் உண்டாகிறது, கிருமிகள் எளிதாக உட்புகுகின்றன. செரியாமை, சோர்வு, மலச்சிக்கல், அடிக்கடி வரும் காய்ச்சல் எனப் பெயர் சொல்ல இயலாத பல தொல்லைகளுக்கு உணவுக்குறையே வித்தாகலாம் என்பது அவர் முடிவு. முழுநலத்துக்கும் பெயருள்ள நோய்க்கும் நடுவே அகன்ற நிலம் ஒன்று உண்டு. மக்களுட் பெரும்பாலோர் தம்மையறியாமல் அங்கேயே வாழ்கின்றனர் என்று அவர் உணர்த்தினார். 1921இல் வெளிவந்த குறைநோய் ஆய்வுகள் பற்றிய அவருடைய நூல் இதனை விரித்துரைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இப்பொருள் குறித்து அவர் சொற்பொழிவும் ஆற்றினார்.

தாயகத்தில் உடலைத் தேற்றிக்கொண்டு 1922இல் இந்தியா திரும்பிய அவருக்கு ஓர் இடி காத்திருந்தது. அரசின் செலவைக் குறைக்க அமைந்த இஞ்ச்கேப் குழுவின் பரிந்துரையால் 1923இல் அவருடைய ஆய்வுப்பணி நிறுத்தப்பட்டது. உணவைப் பற்றிய ஆராய்ச்சி அரசுக்கு ஆடம்பரமாகத் தோன்றியது போலும். ஈராண்டுக்குப் பின், 1925இல் குறைநோய் ஆய்வு என்னும் பெயரில் அது மீண்டும் உயிர்பெற்றது. 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக விரிவடைந்தது. அதன் முதல் இயக்குநர் மெக்காரிசனே.

ஏழு உணவுகள், ஒரே இனம்

இனமா உணவா என்னும் பழைய வினாவுக்கு விடை தேடும் ஆய்வை அவர் குன்னூரில் அமைத்தார். ஒரே வழித்தோன்றலான வெள்ளெலிகளை ஏழு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு இருபது எலிகள். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் என்று ஏழு மக்கட்பிரிவினர் அன்றாடம் உண்ணும் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் அளித்தார். கூடு ஒன்றே, காற்று ஒன்றே, வெயிலும் தூய்மையும் ஒன்றே. வேறுபட்டது உணவு மட்டும்.

140 நாள்களுக்குப் பின் எடை பார்க்கப்பட்டது. சீக்கியர் உணவை உண்டவை சராசரியாக 235 கிராம் எடையுடன் முதலிடத்தில் நின்றன. பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் உணவை உண்டவை அவ்வரிசையிலேயே படிப்படியாக இறங்கின. கடைசியில் நின்றவை சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை. அவற்றின் எடை 155 கிராம் மட்டுமே.

தமிழராகிய நமக்கு இது கசப்பான முடிவு. ஆயினும் அதன் காரணத்தை நிதானமாக நோக்க வேண்டும். முதலிடம் பெற்ற உணவில் இருந்தவை தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கள் ஆகியன. கிழமைக்கு ஒருமுறை சிறிதளவு புலாலும் இருந்தது; அதனை மறைப்பது முறையன்று. கடையிடம் பெற்ற உணவில் தீட்டி, பன்முறை கழுவி, கஞ்சி வடித்த சோறே பெரும்பகுதி. பருப்பு, காய், மோர் ஆகியன குறைவு. பால் காப்பிக்கு மட்டுமே. எனவே அவ்வுணவைத் தாழ்த்தியது அது தாவர உணவு என்பதன்று. தாவரத்தின் நல்ல பகுதியைக் களைந்துவிட்டு எஞ்சியதை உண்டோம் என்பதே.

மெக்காரிசன் பிற்காலத்தில் முழுமையான உணவின் முதன்மை உறுப்புகளாக எண்ணியவை தவிடு நீக்காத தானியங்கள், பால், பாற்பொருள்கள், இலைக்கீரைகள், பழங்கள் ஆகியவையே. புலால் அவ்வரிசையில் முதன்மை பெறவில்லை.

நல்லுணவின் ஆற்றலை அறிய அவர் வேறோர் ஆய்வும் நிகழ்த்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைச் சீக்கியர் உணவிலேயே ஏறத்தாழ 27 மாதங்கள் வளர்த்தார். மனித வாழ்வில் அது ஐம்பது ஆண்டுகளுக்கு ஒப்பாகும் என்பது அவர் கணக்கு. அவற்றுள் நோய் காண்பது மிக அரிதாக இருந்தது. மற்றொரு குழுவுக்கு இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ட வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரை மிகுந்த தேநீர், பழப்பாகு, தகரப்பெட்டி இறைச்சி, வேகவைத்துச் சத்திழந்த காய் ஆகியவற்றை அளித்தார். அவை வளர்ச்சி குன்றின, நோயுற்றன, இரண்டு திங்கள் ஆனபின் தம்முள் வலுவற்றவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின. குறையுணவு உடலை மட்டுமன்றி இயல்பையும் கெடுக்கும் என்பதற்கு இது சான்றாயிற்று. ஆளும் இனத்தின் தட்டையும் அவர் தராசில் நிறுத்தத் தயங்கவில்லை என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

அக்காலத்து ஆட்சியாளர் வழக்கப்படி அவரும் வீர இனம், மெலிந்த இனம் என்ற சொற்களைப் பயன்படுத்தியவரே. ஆனால் அவருடைய ஆய்வே அச்சொற்களின் வேரை அறுத்தது. எலிகள் அனைத்தும் ஒரே இனம். உயர்வும் தாழ்வும் உணவால் வந்தன, பிறப்பால் வரவில்லை.

மண்ணும் மணியும்

உணவைத் தேடிச் சென்ற மெக்காரிசன் அடுக்களையோடு நிற்கவில்லை, வயலுக்கும் சென்றார். கோயம்புத்தூரில் அரசு வேளாண் வேதியியலறிஞராக விளங்கிய விசுவநாத் என்பாருடன் இணைந்து, ஒரே தானியத்தை வெவ்வேறு உரமிட்டு விளைவித்து அதன் சத்தினை ஒப்பிட்டார். சிறுதானியமும் கோதுமையும் ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. தொழுவுரம் இட்டு விளைந்த தானியத்தின் ஊட்டம், உப்புரம் இட்டு விளைந்ததைவிட மேம்பட்டிருந்ததாக அவர்கள் 1926இல் எழுதினர். விதை ஒன்றானாலும் மண்ணின் வளம் மணியில் வெளிப்படும் என்பது அவர்கள் கருத்து. இந்தூரில் இயற்கை உரமுறையை வளர்த்த ஆல்பர்ட் ஹோவர்டும் மெக்காரிசனும் 1939இல் இங்கிலாந்தின் செஷயர் மாவட்ட மருத்துவர்கள் கூட்டிய அவையில் ஒரே மேடையில் பேசினர். இன்று இயற்கை வேளாண்மை என நாம் போற்றும் இயக்கத்தின் ஊற்றுக்கண்களுள் ஒன்று கோவை மண்ணிலும் குன்னூர் மலையிலும் இருந்தது.

கொல்லாமையின் முன் ஒரு வினா

இம்மலரைப் படிக்கும் அன்பர் உள்ளத்தில் இந்நேரம் ஒரு வருத்தம் எழுந்திருக்கும். எறும்புக்கும் ஊறு நேராமல் நிலம் நோக்கி நடப்பதை அறமாகக் கொண்ட சமயத்தின் மலரில், புறாக்களையும் குரங்குகளையும் ஆயிரக்கணக்கான எலிகளையும் கூட்டில் அடைத்து ஆராய்ந்தவரைப் போற்றலாமா?

இவ்வினாவை ஒதுக்கிவிட்டு அவர் புகழை மட்டும் பாடுவது நேர்மையாகாது. குறையுணவால் நலிந்த அவ்வுயிர்கள் துன்புற்றன, இறந்தன. மக்கள் நலத்துக்காக என்று சொல்லினும் அத்துன்பம் துன்பமே. கொல்லாமையை முதலறமாகக் கொண்டோர் அதனை ஏற்பதற்கில்லை. ஒன்று மட்டும் கூறலாம். கில்கித்தில் தம் உடலையே ஆய்வுப்பொருளாக்கிய மனிதர் அவர். பிற உயிரின் துன்பத்தை விளையாட்டாகக் கருதியவரல்லர். ஆயினும் அது விளக்கமாகுமேயன்றி விடையாகாது.

நமக்குள்ள கடமை வேறு. அத்தனை உயிர்களின் துன்பத்தால் பெற்ற அறிவு நம் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. அதனை அறிந்தும் மதியாது, தீட்டிய அரிசியையும் மைதாவையும் சர்க்கரையையும் உண்டு நோயை வரவழைத்துக்கொள்வோமாயின், அவ்வுயிர்கள் வீணே மாண்டன என்றாகும். அறிந்ததைக் கடைப்பிடித்து மீண்டும் அத்தகைய ஆய்வு தேவையில்லாத நிலையை உண்டாக்குவதே அவற்றுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு.

ஆசிரியர்களை நாடிய அறிஞர்

மெக்காரிசனின் பணிகளுள் ஆசிரியர் குலத்தோர் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒன்றுண்டு. தம் ஆய்வு முடிவுகள் மருத்துவ இதழ்களின் பக்கங்களிலேயே உறங்கிவிடக் கூடாதென்று அவர் கருதினார். 1928இல் உணவு என்னும் தலைப்பில் சிறு நூல் ஒன்றை எழுதினார். இந்தியப் பள்ளிகள், கல்லூரிகள், தாய்சேய் நல நிலையங்கள், சாரணர் அமைப்புகள் ஆகியவற்றுக்கென எளிய நடையில் அமைந்தது அந்நூல். உலகப் புகழ் பெற்ற அறிஞர் ஒருவர் சிறுவர்க்குப் பாடநூல் எழுதுவதை இழிவாகக் கருதாதது எண்ணிப் பார்க்கத்தக்கது. மருத்துவமனையைவிடப் பள்ளிக்கூடமே நோய்தடுப்புக்கு உரிய இடம் என்பதை அவர் தெளிந்திருந்தார். இந்திய வேளாண்மை பற்றி ஆராய்ந்த அரச ஆணையத்தின் முன்பும் அவர் சான்றளித்து, மக்களின் ஊட்டக்குறையை ஆட்சியாளர் கவனத்துக்குக் கொண்டுசென்றார்.

1933இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1935இல் பணி ஓய்வு பெற்று ஆக்ஸ்போர்டு நகரில் குடியேறினார். மறு ஆண்டு இலண்டன் கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய காண்டர் சொற்பொழிவுகள் ஊட்டமும் நாட்டுநலமும் என்னும் பொருளில் அமைந்து, அவருடைய வாழ்நாள் ஆய்வின் சாரமாக விளங்கின. 1945 முதல் பத்தாண்டுகள் ஆக்ஸ்போர்டில் மருத்துவ மேற்படிப்புக்கு இயக்குநராகவும் தொண்டாற்றினார். 1960ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், தம் 82ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. அவர் தொடங்கிய நிறுவனமே வழித்தோன்றலாக நிலைத்தது.

அவருக்குப் பின் குன்னூர் ஆய்வுக்கூடத்தை நடத்திய அய்க்ராய்டு காலத்தில் இந்திய உணவுப்பொருள்களின் சத்துகளைக் கணக்கிட்ட கையேடு வெளிவந்தது. 1958இல் அந்நிறுவனம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரில் இயங்கி வருகிறது. இன்று நாட்டில் எந்த உணவுப்பொருளின் சத்துக் கணக்கைக் கேட்டாலும் அந்நிறுவனத்தின் பட்டியலையே காட்டுவர். குன்னூரின் ஓர் அறை அவ்வாறு வளர்ந்தது.

நம் அடுக்களைக்கு ஒரு செய்தி

கோதுமை உண்ணும் குடும்பங்களும் சோறு உண்ணும் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் நம் ஊர். முதலியார்பேட்டைக் கடைகளில் இரு சாரார்க்கும் வேண்டியவை கிடைக்கும். ஆனால் வெள்ளை வெளேரென்ற அரிசியே உயர்ந்த அரிசி என்னும் எண்ணம் சோறுண்போரிடம் இன்றும் மாறவில்லை. கோதுமை உண்போர் இல்லங்களிலும் மைதாப் பண்டங்களும் எண்ணெய்ப் பலகாரங்களும் இனிப்புகளும் பெருகிவிட்டன. புலால் உண்பதில்லை என்ற ஒன்றாலேயே நம் உணவு தூயது, ஆகவே நலம் தருவது என்று அமைதி கொள்கிறோம். தூய்மை வேறு, முழுமை வேறு. புலால் மறுத்தல் அறத்தின் பாற்பட்டது. அதற்கு நலம் என்னும் கூலியை நாம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் மறுத்தபின் தட்டில் எதை வைக்கிறோம் என்பது அறிவின் பாற்பட்டது. குன்னூர் ஆய்வு நமக்கு உணர்த்துவது இதுவே.

செய்ய வேண்டுவன அரியவையல்ல. தீட்டாத அரிசியோ புழுங்கலரிசியோ கொள்ளலாம். அரிசியைப் பன்முறை கழுவாமலும், கஞ்சியைக் கொட்டாமலும் சமைக்கலாம். கோதுமையைத் தவிட்டோடு அரைக்கலாம். கேழ்வரகும் கம்பும் கிழமையில் சில நாளேனும் அடுப்பேறலாம். பருப்பின் அளவைக் கூட்டிக் கீரையும் பழமும் மோரும் நாள்தோறும் சேர்க்கலாம். மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளை விலக்கும் நெறியுடையோர் மஞ்சள் முள்ளங்கி இல்லையே என்று கவல வேண்டியதில்லை. அதிலுள்ள சத்து முருங்கைக்கீரையிலும் பறங்கிக்காயிலும் பப்பாளியிலும் உண்டு. அளவறிந்து உண்ணல், இரவில் உண்ணாமை, நோன்பு ஆகிய பழைய ஒழுக்கங்கள் நம்மிடம் முன்பே உள்ளன. அவற்றோடு உணவின் முழுமையும் சேர்ந்தால் வேண்டுவது வேறில்லை.

ஏழை எளியோர்க்கு இவையும் எட்டாதிருப்பதை மறத்தலாகாது. அறக்கட்டளைகளும் சங்கங்களும் விழா நாள்களில் அன்னதானம் செய்வது நம் மரபு. அன்று இலையில் ஓர் இனிப்பைக் குறைத்து ஒரு கீரைக்கூட்டும் ஒரு சுண்டலும் ஒரு கனியும் சேர்த்தால், வயிறு நிறைப்பதோடு உடலையும் காத்த அறமாகும். வருமுன் காக்கும் மருத்துவத்தை மருந்துக்கடையில் வாங்க இயலாது. அது பந்தியில் பரிமாறப்படுவது.